கிரெப் காட்டிய ஒரு வரி

மதுரையில் மடம் இல்லாத ஒரு குரு இருந்தார். மூன்றாவது மாடியில் அவருக்கு ஒரு மேஜை. ஜன்னலைத் திறந்தால் பைபாஸ் ரோட்டு இரைச்சல், மூடினால் புழுக்கம். பெயர் சுலைகா பானு, வயது முப்பத்தெட்டு. யார் என்ன சந்தேகம் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லமாட்டார். "டைப் பண்ணிப் பாருங்க" என்பார். அந்த எரிச்சலில் ஆபீஸ் வைத்த கேலிப் பெயர்தான் குருநாதர். போகப்போகக் கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சீடர் பொன்னம்பலத்துக்கு நாற்பத்தாறு வயது. ஒரு நூற்பாலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தார். ஆலையை மூடியதும், இந்த வயதில் இனி யார் நம்மைச் சீந்துவார்கள் என்று பயந்து திரிந்து, கடைசியில் இந்த ஆபீஸில் வந்து ஒட்டிக்கொண்டார். தன்னைவிடச் சின்னவரிடம் பாடம் கேட்பதில் அவருக்கு வெட்கமே கிடையாது. நல்ல மனிதர். இந்தக் கதையில் கசப்பான விஷயமே அதுதான்.

அந்த ஆபீஸுக்குத் தொழில், எங்கோ தூரத்தில் ஓடுகிற அடுத்தவர் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது. உட்கார்ந்த இடத்தில் இருந்தே கமாண்டு அடித்து அந்தந்த சர்வருக்குள் போவார்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைல் உண்டு. ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு செல்லப் பெயர் வைத்து, இந்தப் பெயரைச் சொன்னால் இந்த இடத்துக்குப் போ என்று அதில் எழுதிவைத்துவிட்டால் போதும். பெயரைத் தட்டினால் கதவு திறக்கும்.

உவரியில் இருந்து வந்த சகாய ரீகன் தன் சர்வர்களுக்கெல்லாம் மீன் பெயர் வைத்திருந்தான். சீலா, விளமீன், நெத்திலி. பொன்னம்பலத்துக்கு இந்த விளையாட்டெல்லாம் பிடிக்காது. அவர் ஃபைலில் கண்-டெஸ்ட் என்பது போல எல்லாம் முறையாக, ஒழுங்காக இருக்கும்.

கண் என்பது ஒரு கண் ஆஸ்பத்திரி. அதன் அசல் வேலையெல்லாம் நடக்கிற சர்வர் கண்-லைவ், சுருக்கமாக லைவ். புதிதாக எதையாவது போட்டுப் பார்த்துவிட்டுத் துடைத்துப் போடுகிற சர்வர் டெஸ்ட்.

ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, லைவில் இருந்த ஆபரேஷன் தேதிகள் மொத்தமும் துடைத்துப் போட்டது போல அழிந்துபோயின. பேக்கப் இருந்தது, ஆனால் அது பழசு. மறுநாள் காலையில், முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் யாருக்கு எந்தக் கண் என்று சொல்ல ஆளில்லை. அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார்கள். திரும்பிப் போன எல்லோரும் மறுபடி வந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரமே ஆஸ்பத்திரி வேறு கம்பெனிக்குப் போய்விட்டது.

"யாருன்னு சாயங்காலத்துக்குள்ள எனக்குத் தெரியணும்" என்றார் எம்.டி. கங்காதரன்.

சர்வரின் பதிவைப் பார்த்தால், ஆபீஸில் இருந்து யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. எல்லோரும் ஒரே பெயரில், ஒரே சாவியில் உள்ளே போவதுதான் அந்த ஆபீஸ் வழக்கம். ஆளுக்கு ஒரு சாவி கொடுங்கள் என்று சுலைகா பானு ஒவ்வொரு முறை சொன்னபோதும் எம்.டி. சிரித்திருக்கிறார். இப்போது சுலைகா பானு, அத்தாவுக்கு பைபாஸ் ஆபரேஷன் என்று சென்னைக்குப் போயிருந்தார். தேடுகிற பொறுப்பு பொன்னம்பலத்தின் தலையில் விழுந்தது.

கிரெப் என்று ஒரு கமாண்டு உண்டு. ஒரு சொல்லைக் கொடுத்து, இத்தனை ஃபைல்களுக்குள் தேடு என்றால், அந்தச் சொல் இருக்கிற வரியை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்து காட்டும். பொன்னம்பலம் லைவ் சர்வரின் ஐ.பி. முகவரியை, வெறும் எண்களால் ஆன அந்த அட்ரஸைக் கொடுத்தார். எல்லோருடைய கான்ஃபிக் ஃபைலிலும் தேடச் சொன்னார். தன்னுடையதையும் விட்டுவிடவில்லை. நேர்மையான ஆள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒரே ஒரு வரி வந்தது. அதன் முன்னால் ரீகன் பெயர் இருந்தது.

"நான் அன்னைக்கு அந்த சர்வர் பக்கமே போகலை சார்" என்றான் ரீகன்.

"அப்புறம் உன் ஃபைல்ல மட்டும் ஏன்டா இருக்கு?" என்றார் எம்.டி.

அதற்கு ரீகனிடம் பதில் இருந்தது. கேட்க யாரும் நிற்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டான். அடுத்த திங்கள் முதல் அவனுடைய ஜன்னலோர நாற்காலியில் பொன்னம்பலம் உட்கார்ந்தார். எம்.டி.தான் உட்காரச் சொன்னார், தோளில் தட்டி.

கொஞ்ச நாள் கழித்து உவரியில் இருந்து போன் வந்தது.

"சார், வேலைக்காகக் கூப்பிடலை" என்றான் ரீகன். "எங்க இன்டர்வியூவுக்குப் போனாலும் அவங்க நம்ம ஆபீசுக்குப் போன் போட்டு விசாரிக்காங்க. எம்.டி. சொல்லிருதாரு. அது கிடக்கட்டும். அன்னைக்கு நீங்க அந்த வரிக்கு மேல என்ன இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

"கிரெப் பொய் சொல்லாதுப்பா" என்றார் பொன்னம்பலம்.



"சொல்லாது சார்" என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து பொன்னம்பலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மதியம் மூன்று மணி என்பது அவருக்குள் ஏதோ ஒரு இடத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மூன்று மணிக்கு அவரும்தான் ஒரு சர்வரைத் துடைத்தார். ஆனால் அது டெஸ்ட். துடைப்பதற்காகவே வைத்திருக்கிற சர்வர். அதை எம்.டி.யிடம் மறைக்காமல் சொல்லவும் செய்தார். எம்.டி. அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சுலைகா பானு சென்னையில் இருந்து திரும்பி வந்த மறுநாள், சாப்பாட்டுக்குப் பிறகு, பொன்னம்பலம் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அத்தா எப்படி இருக்காங்க மேடம்?"

"நடக்கிறாங்க சார். என்ன விஷயம்?"

"ஒரு சந்தேகம். எதுவும் விட்டுப்போகாம தேடறது எப்படி?"

வாயால் கேட்டது அது. நீங்கள் தேடியது சரிதான் சார் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எழுந்து போய்விடலாம் என்று இருந்தது பொன்னம்பலத்துக்கு. ரீகனுக்குச் சொல்ல முடியாவிட்டாலும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம்.

சுலைகா பானு கீபோர்டை அவர் பக்கம் தள்ளினார்.

"அன்னைக்கு என்ன தேடினீங்க?"

"லைவோட அட்ரஸை."

"எதுக்குள்ள?"

"எல்லார் ஃபைலுக்குள்ளயும். என்னோடதையும் சேத்துத்தான்."

"இப்பத் தேடுங்க."

பொன்னம்பலம் டைப் செய்தார். ரீகன் போய்விட்டான், அவன் ஃபைல் இன்னும் இருந்தது. ஆளை அனுப்ப ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. அவன் கணக்கை நீக்கத்தான் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. அதே ஒரு வரி வந்து நின்றது.

"இதுக்கு மேல ரெண்டு வரியையும் சேத்துக் காட்டச் சொல்லுங்க."

கமாண்டோடு ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் சேர்த்தால் போதும். அது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அன்று சேர்க்கவில்லை. விடை கிடைத்துவிட்டது என்று நினைத்தபின் யார் மேலே பார்க்கிறார்கள்?

இப்போது மூன்று வரிகள் வந்தன. நடுவில் இருந்தது அந்த சர்வருக்கு ரீகன் வைத்த செல்லப் பெயர். திருக்கை. வாலில் முள் உள்ள மீன். அதற்கும் மேலே இருந்தது, மிஷின் படிக்காமல் விட்டுவிடுகிற குறிப்பு வரி. மனிதர்கள் மனிதர்களுக்காக எழுதுவது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தான்: 'ஆஸ்பத்திரி. உசுரோட ஓடுது. கை வச்சிராத.'

பொன்னம்பலம் அதை இரண்டு தடவை படித்தார்.

"ஆனா மேடம், அட்ரஸ் அவன்கிட்ட மட்டும்தானே இருந்துச்சு?"

"போன மழையில பேரை அட்ரஸா மாத்திக் குடுக்கிற சர்வர் விழுந்துச்சு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அன்னைக்கு பேரைப் போட்ட யாராலயும் எதுக்குள்ளயும் போக முடியலை. ஆஸ்பத்திரிக்குள்ள போனது ரீகன் மட்டும்தான். அட்ரஸையே எழுதி வச்சிருந்தான்."

பொன்னம்பலத்துக்கு நினைவு வந்தது. அன்று ரீகனுக்கு எம்.டி. பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

"சரி மேடம். ஆனா லைவுக்குப் போற வழி என் ஃபைல்ல இல்லையே. இருந்தா கிரெப் காட்டியிருக்கும்ல?"

"அந்த வியாழக்கிழமை காலைல டாக்டர் போன் பண்ணி, லைவ் மெதுவா ஓடுதுன்னு சொல்லியிருக்காரு. நீங்கதான் உள்ள போய்ச் சரி பண்ணியிருக்கீங்க. புகார் பதிவுல, சரி பண்ணினவர்னு உங்க பேர் இருக்கு. எப்படிப் போனீங்க?"

"அதுவா, அது பேரைப் போட்டு..."

பொன்னம்பலம் நிறுத்தினார். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"அட்ரஸ் நம்பரைப் போடலை. சர்வரோட பேர்தான் போட்டேன்" என்றார்.

"உங்க ஃபைலைத் திறங்க."

திறக்க அவருக்கு மனசு வரவில்லை. திறந்தார். கர்சர் முதல் வரியில் போய் நின்றது. அன்று காலையிலும் அங்கேதான் நின்றது. டாக்டர் போனில் கத்திக்கொண்டிருந்தார், லைவுக்கு அதுவரை அவர் வழி எழுதியிருக்கவில்லை, கீழே போய் இடம் தேட நேரமில்லை, நின்ற இடத்திலேயே இரண்டு வரி எழுதினார். 'கண்' என்று ஆரம்பித்து ஒரு நட்சத்திரக் குறி. அதாவது கண் என்று தொடங்கும் எந்தப் பெயரைச் சொன்னாலும் லைவுக்குப் போ. வேலை முடிந்தது, டாக்டர் அமைதியானார். அந்த இரண்டு வரி அங்கேயே தங்கிவிட்டது.

"இது பொதுவா எழுதினது மேடம்" என்றார் பொன்னம்பலம், யாரும் கேட்காமலே. "கீழ பாருங்க, கண்-டெஸ்ட்டுக்குன்னு தனியா எழுதியிருக்கேன். தனியாச் சொன்னதுதானே நிக்கும்?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. நியாயம் அதுதானே?"

"மிஷின்கிட்ட கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கிறது? ஆஸ்பத்திரிதான் நமக்குக் கதவைச் சாத்திருச்சே. இனி போய்ப் பாக்க முடியாது."

"போக வேண்டாம். உள்ள போற கமாண்டோட பெரிய எழுத்து ஜி போட்டு, பேரைக் குடுங்க. அது கதவைத் தட்டாது. போனா எங்க போய் நிப்பீங்கன்னு மட்டும் சொல்லும்."

பொன்னம்பலம் அடித்தார். பெயர், கண்-டெஸ்ட். திரை முழுக்க வரிகள் கொட்டின. அந்தக் கூட்டத்தில் போய்ச் சேரும் இடத்தைச் சொல்கிற வரியை மட்டும் கிரெப் போட்டு எடுத்தார். அந்த வேலை அவருக்கு நன்றாகவே வரும்.

கண்-லைவ் என்று இருந்தது.

பெயரைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று மறுபடி அடித்தார். எழுத்து எழுத்தாகப் பார்த்து இன்னொரு தடவை அடித்தார். கண்-லைவ்.

"மேல இருந்து படிச்சுக்கிட்டே வரும் சார்" என்றார் சுலைகா பானு. "முதல்ல எது பொருந்துதோ அதைப் பிடிச்சுக்கும். அதுக்குக் கீழ நீங்க எவ்வளவு தெளிவா எழுதியிருந்தாலும் காதுல வாங்காது."

 அன்று மூன்று மணிக்கு அவர் டெஸ்ட்டுக்குள் போய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கண்-டெஸ்ட் என்று பெயர் போட்டு எப்போதும் அடிக்கிற அதே ஒற்றைக் கமாண்டு, இங்கே இருந்தபடியே. துடைத்தாயிற்று என்று பதில் வந்ததும் எழுந்து போய் டீ குடித்தார். ரீகனும் கூட வந்தான். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அங்கே போனில் கூப்பாடு ஆரம்பித்துவிட்டது.

அத்தனை கிழவர்கள், அத்தனை கிழவிகள். ஒற்றைக் கண்ணில் பஞ்சு வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டியவர்கள், இரண்டு கண்ணிலும் புரையோடு திரும்பிப் போனார்கள். ரீகன் போனான். எல்லாம் இவர் கையால். அழுகை வரவில்லை அவருக்கு. வந்திருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"நேத்து வந்ததும் பாத்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"நான் போய்ச் சொன்னா, உங்களை நான் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிரும். ரீகனை நீங்க கண்டுபிடிச்ச மாதிரி."

சுலைகா பானு குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவருக்குக் கோபம் இருந்தது, அது பொன்னம்பலத்துக்குத் தெரிந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து, குடிக்காமலே திரும்ப வைத்தார்.

பொன்னம்பலத்தின் கை தானாகக் கீபோர்டுக்குப் போனது. மேலே இருந்த இரண்டு வரியையும் வெட்டி, ஃபைலின் கடைசியில் கொண்டுபோய் ஒட்டியது. சேமித்தது. அவர் யோசித்துச் செய்யவில்லை. தப்பு கண்ணில் பட்டால் திருத்துவது தொழில் பழக்கம். சுலைகா பானு தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பக் கேளுங்க" என்றார்.

பெரிய ஜி போட்டுக் கேட்டார். கண்-டெஸ்ட் என்று வந்தது.

"சரியாயிருச்சு" என்றார் பொன்னம்பலம்.

சொன்னபின்தான் அந்த வார்த்தை அவருக்கு உறைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இப்போது யார் வந்து தேடினாலும் அவர் ஃபைல் சுத்தம். எதைப் போட்டுத் தேடினாலும் அவருக்கு எதிராக ஒரு வரியும் வராது. தெரிந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இவர் ஒருத்தர்தான். இவரோ வாய் திறக்கமாட்டேன் என்கிறார். தப்பித்துவிட்டோம் என்று ஒரு கணம் நெஞ்சு லேசானது. அந்த ஒரு கணத்துக்காக அவருக்குத் தன்னையே காறித் துப்பிக்கொள்ளத் தோன்றியது.

எம்.டி. அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "இல்லை சார், அந்தப் பையன் சரிப்பட்டு வரமாட்டான். எங்க கிளையண்ட் ஒருத்தரையே இழந்தோம் அவனால" என்று சொல்வது தெளிவாகவே கேட்டது. வேறு ஏதோ ஊரில், ரீகனுக்கு இன்னொரு வேலை போய்க்கொண்டிருந்தது.

சுலைகா பானு அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு பொன்னம்பலத்தைப் பார்த்தார். 

பொன்னம்பலம் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்தாறு வயது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. நூற்பாலை மூடிய பிறகு வேலை கேட்டு ஏறி இறங்கிய படிகள் எல்லாம் வரிசையாக வந்து கண்முன் நின்றன. இதைச் சொன்னால் நாளை இவருக்காகவும் யாராவது இங்கே போன் போட்டு விசாரிப்பார்கள். அதற்கும் எம்.டி. பதில் சொல்வார், இதே குரலில்.

அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"மேடம்" என்றார்.  "நான் உள்ள போய் இதைச் சொன்னா எனக்கு என்ன ஆகும்?"

எம்.டி. போனை வைக்கிற சத்தம் கேட்டது.

சுலைகா பானு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போகாமலே, போனா எங்க போய் நிப்போம்னு கேக்கிறீங்க" என்றார். "அந்த வசதி மிஷினுக்கு மட்டும்தான் சார் இருக்கு."